இரண்டாவது வியாழக்கிழமை

என் எழுத்தால் இந்த உலகத்தில் நடந்த முதல் காரியம், ஒரு பெண்ணின் வேலை போனது. அதற்குப் பிறகு எவ்வளவோ எழுதினேன். மழையை எழுதினேன், ரயில் போன பின் தண்டவாளத்தில் மிச்சமிருக்கும் சூட்டை எழுதினேன், தூங்குகிற குழந்தையின் உள்ளங்கையை எழுதினேன். அதில் எதுவும் எதையும் அசைத்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு பக்கம் மட்டும் போன இடத்தில் ஒழுங்காக வேலை செய்தது. எழுத்துப் பிழை கிடையாது. வரிக்கு வரி இடைவெளி சரியாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வாத்தியாராக இருந்தேன். இருபத்து நான்கு வயது. ஒருநாள் கொதிக்கக் கொதிக்க வந்த டீ, கிளாஸ் சரிந்து இடது முன்கையில் கொட்டியது. பக்கத்து மெஷினில் இருந்த மாணவிதான் கத்தினாள். நான் அவளை ஏன் கத்துகிறாய் என்று பார்த்தேன். கையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான் ஏதோ கோளாறு என்று அந்தக் கணமே புரிந்தது. அந்த இடத்தில் சில மாதங்களாகவே தோல் கொஞ்சம் வெளிறி இருந்தது. தேமல் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் என் கண்களை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து நுனியால் தொடுவேன், தொட்டதும் சொல் என்றார். காத்திருந்தேன். இன்னும் தொடவில்லையே, இன்னும் தொடவில்லையே என்று இருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அதற்குள் பல தடவை தொட்டு முடித்திருந்தார்.

தொழுநோய் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பயப்படாதே, இப்போது புது மருந்து வந்திருக்கிறது, உன்னைப் போலத் தோலில் ஒன்றிரண்டு வெளிறிய படை மட்டும் உள்ளவர்களுக்கு ஆறே மாதம் என்றார். திண்டிவனத்திலேயே மாதம் ஒருமுறை கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, விழுப்புரத்திலும் கொடுக்கிறார்கள் என்று சேர்த்தார்.

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். திண்டிவனத்துக்காரர்கள் விழுப்புரத்துக்குப் போய் மாத்திரை விழுங்கினார்கள். விழுப்புரத்துக்காரர்கள் திண்டிவனத்துக்கு வந்து விழுங்கினார்கள். தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாது. மயிலம் ஸ்டேஷனுக்கும் பேரணி ஸ்டேஷனுக்கும் நடுவில் எங்கோ இரண்டு பாசஞ்சர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும். இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலைப் பார்க்காமல் இரண்டு ஊர்களின் வெட்கமும் எதிரெதிராக ஓடும்.

விழுப்புரத்தில் மாத்திரை கொடுத்தவர் ஐம்பதை நெருங்கியவர். நாங்கள் அவரை சூப்பர்வைசர் சார் என்போம். மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சிவப்புக் கேப்சூலை அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்.

"ரெண்டு ஊர் ஆளுங்களயும் ரெயில்லயே புடிச்சி நிறுத்திக் குடுத்துட்டா எனக்கு வேல மிச்சம்" என்பார். "இந்த ரிஜிஸ்டர்ல இருக்கற அட்ரஸெல்லாம் சேத்தா ஒரு புது டவுனே கட்டலாம். ஒருத்தன் குடியிருக்க மாட்டான்."

நானும் பொய் முகவரிதான் கொடுத்திருந்தேன். இல்லாத ஒரு பிள்ளையார் கோயில் தெரு. கதவு எண்ணைக்கூடக் கற்பனையில் அழகாக யோசித்துப் போட்டிருந்தேன்.

வீட்டில், மாணவர்களின் பரீட்சை விண்ணப்பங்களைக் கொடுக்க விழுப்புரம் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் முறை மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை. முதல் தடவை போனபோது வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் மஞ்சள் அட்டை. அதில் பெரிய எழுத்தில் 112. திரும்பினார். எங்கள் தெருக் கோடியில் இருந்த பால்வாடியின் டீச்சர்.

முப்பத்தைந்து வயதிருக்கும். காலனியிலிருந்து வருபவர், கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் சம்பளம் வாங்கும் முதல் ஆள். எங்கள் தெரு நிலம் வைத்திருந்தவர்களின் தெரு. என் அண்ணன் மகள் அவரிடம்தான் பாட்டுக் கற்றுக்கொண்டு வந்து வீட்டையே கலக்கினாள், அவர் பரிமாறிய மதியச் சோற்றைத்தான் தின்றாள். அவர் கையால் தன் பிள்ளைகள் சாப்பிடுவது எங்கள் தெருவில் பலருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

அன்று மாலை விழுப்புரம் பிளாட்பாரத்தில் அவரே பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, நான் ஒங்களப் பாக்கல. நீங்களும் என்னப் பாக்கல. சரிங்களா?"

"சரிங்க டீச்சர்."

"நீங்க ஜென்ட்ஸ் பெட்டில ஏறிக்குங்க. நான் அந்தக் கோடிக்குப் போறேன்."

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். அதில் கிடைத்த நிம்மதி எனக்கு எந்தக் காதலியிடமும் கிடைத்ததில்லை.

மூன்றாவது மாதம் சூப்பர்வைசர் சார் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். மாத்திரையில் இருந்த நம்பிக்கையைவிடக் கேள்வியில் எனக்கு ஆசை அதிகம் என்று கண்டுபிடித்திருந்தார். இந்தக் கிருமி கண்ணாடிக் குடுவையில் வளராது, அதனாலேயே மருந்து கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆயிற்று என்று முந்தைய தடவை சொல்லியிருந்தார்.

"அப்புறம் எதுலங்க வளத்தாங்க?"

"எலியோட உள்ளங்கால்ல. நம்ம உசுரு எலி காலடில இருந்திருக்குது பாத்துக்க."

அறையில் ஒரு மைக்ராஸ்கோப். காது மடலைச் சற்றே கீறி, அந்த ஊனீரைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் ஏற்றியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். நீல வயல். அதில் சிவப்புச் சிவப்பாய்க் குச்சிகள், ஒன்றோடொன்று ஒட்டி, கட்டுக் கட்டாக, அறுத்துப் போட்ட நெற்கதிர் போல. அழகாக இருந்தது. இதைச் சொல்லக் கூசுகிறது, அழகாகத்தான் இருந்தது.

"இது மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது" என்று அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். "இது அதே ஆளோடது. போன மாசம். இன்னா வித்தியாசம் தெரியுது?"

குச்சிகள் உடைந்து கிடந்தன. துண்டு துண்டாக, புள்ளி புள்ளியாக, யாரோ மணியைக் கொட்டிவிட்டுப் போனது போல.

"உடஞ்சிக்கினு இருக்குதுங்க."

"செத்துப்போச்சு. பொணம் கெடக்குது, உடம்பு மெதுவா வாரிக் கொட்டும். இன்னும் ஒரு வருசத்துக்கு மேல மருந்து சாப்புடணும், ஆனா இந்த ஆளால இனி யாருக்கும் ஒட்டாது. மொத டோஸு உள்ள போனதுமே ஒட்டறது நின்னுபோவும். ஊருல எவன்கிட்ட சொன்னா நம்புறான்? பேஜாரு."

கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். 112.

அதாவது எனக்குத் தெரியும். பத்திரிகையில் படித்தோ, யாரோ சொல்லிக் கேட்டோ அல்ல. என் கண்ணால் குனிந்து பார்த்தேன். எங்கள் ஊரில் அந்த டீச்சரின் உடம்புக்குள் இருந்த மரணத்தை, அந்த நல்ல மரணத்தை, பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அவருக்குக் கொடுத்த மூன்று மருந்தில் ஒன்று தோலைக் கறுக்க வைக்கும். சாப்பிடும் வரை கறுக்கும், நிறுத்திய பிறகு மெதுவாகத் தெளியும். எங்கள் தெருவுக்கு அது தெரியாது. முகம் ஒருவிதச் செம்பு கலந்த கருப்பாக மாறியது மட்டும் தெரிந்தது.

மூன்றாவது மாத மருந்து முடிவதற்குள் ஒரு காலை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். எங்கள் தெருவில் எதற்கும் அவர் பேச்சுதான் முதலில். கூட அவருடைய பங்காளி ஒருவர்.

"இன்னா வாத்தியாரே, ஒரு மனு அடிக்கணும். நல்லா அடிக்கணும், படிச்ச ஒடனே மேல இருக்கறவன் எழுந்து நிக்கணும்."

"எதப் பத்திங்க?"

"பால்வாடி டீச்சரு. கறுத்துக்கினே போறாளே, பாக்கல நீ? பெரிய வியாதியாம்."

"அவ எப்ப செவப்பா இருந்தா, இப்ப கறுக்கறதுக்கு" என்றார் பங்காளி. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தம் வராமல், பல் மட்டும் தெரிகிற மாதிரி.

"டாக்டர் யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

"டாக்டரு எதுக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு? அந்தக் கையால எம் பேத்திக்கு சோறு போடறா. மொதல்லயே வாணாம்னோம். நம்ம தெரு புள்ளைங்களுக்கு அங்கேர்ந்து ஆளப் போட்டாங்க. அப்ப கேக்க முடியல, சட்டம் பேசனானுங்க. இப்ப ஒரு காரணம் கெடச்சிருக்குது." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "விழுப்புரத்துக்குத்தான் மருந்துக்குப் போறாளாம். நீ கூட மாசாமாசம் போறியே. கண்ல பட்டாளா?"

சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு பொத்தான் போட்டிருந்தேன். அந்த வெயிலிலும் அப்படித்தான் இருந்தேன் அந்த ஆறு மாதமும். அந்தத் துணிக்குக் கீழே இருந்த இடம் எதையும் உணராத இடம். ஆனாலும் அப்போது எரிந்தது.

"பாக்கலீங்க" என்றேன்.

அந்தப் பொய்யோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பக்கங்களை எழுத வேண்டியிருக்காது. நிறுத்தியிருக்கலாம். மெஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரிடமாவது அடித்துக்கொள்ளுங்கள் என்றிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களோ, ஏன் என்ற கேள்வி சட்டைக் கைக்குள் நுழையுமோ என்று பயந்தேன். காகிதத்தை ஏற்றினேன். இடையில் இரண்டு கார்பன்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். முதல் இரண்டு வரி அவருடையது. மூன்றாவது வரியிலிருந்து என்னுடையது. "சொல்லிக்கிறாங்க" என்றார் அவர், "அறியப்படுகிறது" என்று அடித்தேன். "ஒட்டிக்கும்" என்றார், "பிஞ்சுக் குழந்தைகளைத் தொற்றும் அபாயம்" என்று அடித்தேன். பிஞ்சு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. எனக்குத்தான் தோன்றியது. வெறும் புகாராக இருந்தது மெல்ல மெல்ல உரைநடையாக எழுந்து நின்றபோது எனக்குள் ஒரு குறுகுறுப்பு ஏற்பட்டது, அதை மறைத்து எழுதினால் இதுவும் பொய்யாகிவிடும். விரல்கள் சந்தோஷமாக இருந்தன. ஆனால் மனுவின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எல்லாம் பொதுவாக இருந்தது, பிடிமானமாக ஒன்றும் இல்லை. எதையாவது துல்லியமாகச் சொன்னால்தான் படிப்பவன் நம்புவான் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அடித்தேன்: மேற்படியார் மாதந்தோறும் இரண்டாவது வியாழக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் சென்று இந்நோய்க்கு மருந்து பெற்று வருகிறார்.

மண்டிக்காரர் உரக்கப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார்.

"வியாழக்கெழமன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"டீக்கடைல பேசிக்கினு இருந்தாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பங்காளியிடம் திரும்பினார்.

"பாத்தியா, படிச்சவன் படிச்சவன்தான். நாமளா இருந்தா நாளெல்லாம் போடத் தோணுமா?"

ஐந்து பேர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். "நீயும் ஒண்ணு போடு தம்பி. நீயும் நம்ம தெருதானே." ஆறாவதாகப் போட்டேன்.

அடுத்த மாத இரண்டாவது வியாழக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போனபோது, பிளாட்பாரப் பெஞ்சில் எங்கள் தெரு ஆண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயணத்துக்கு வந்தவர்கள் போல இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிச் சாவகாசமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுவில் எழுதியது உண்மைதானா என்று பார்க்க வந்திருந்தார்கள். நாளும் நேரமும்தான் மனுவிலேயே இருந்ததே.

டீச்சர் வந்தார். கையில் ஒயர் கூடை. வாசலுக்குள் ஒரு கால் வைத்தவர் அவர்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒப்பந்தத்தை மீறி நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

"இன்னா வாத்தியாரே, எங்க?" என்று கேட்டான் பெஞ்சில் இருந்தவன்.

"விண்ணப்பம் குடுக்கணும்பா" என்றேன். ரயில் வந்தது. ஏறினேன். என் மாத்திரையை விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன்.

மறு வாரம் என் அண்ணன் மகள் புது டீச்சர் பாட்டுச் சொல்லித்தரவில்லை என்று புகார் சொன்னாள்.

ஐந்தாவது மாதம் சூப்பர்வைசர் சார் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "நூத்திப் பன்னெண்டு உங்க ஊருதானே? போன மாசம் வரல, இந்த மாசமும் காணோம். குடுத்த அட்ரஸ்ல போய்க் கேட்டா அது மரக்கடையாம்."

"எனக்குத் தெரியலீங்க."

"பாதில நிறுத்தினா பேஜாருப்பா. கிருமி செத்தாலும் நரம்புல எரிச்சல் கெளம்பும். கை மடங்கிக்கும். ஜல்தியா புடிச்சிட்டா நிமித்திடலாம், லேட்டானா முடியாது. ஒரு நல்ல பொம்பள. எங்கயாச்சும் பாத்தா சொல்லு."

சொல்கிறேன் என்றேன். இன்ஸ்டிட்யூட்டிலிருந்து காலனிக்கு நடந்தால் பத்து நிமிடம். ஒரு மாதம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்தை நடக்காமல் இருந்தேன். சில நாள் பாதி நடந்தேன். ரயில்வே கேட் வரை போவேன், கேட் திறந்தே இருக்கும், வண்டி வருகிறதோ என்று காத்திருப்பது போல நின்றுவிட்டுத் திரும்புவேன்.

ஆறாவது மாதம் என் கடைசிக் கேப்சூல். சூப்பர்வைசர் சார் பஞ்சால் கையைத் தடவிப் பார்த்தார். அட்டையில் ஒரு கோடு போட்டு, "முடிஞ்சிபோச்சு. போ, கல்யாணம் பண்ணிக்கினு நல்லா இரு" என்று கை குலுக்கினார். என் பெயர் அந்த ரிஜிஸ்டரிலிருந்து விடுபட்டது. இனி அந்த வரிசையில் யாரும் என்னைப் பார்க்க முடியாது. அதன் பிறகுதான், நாற்காலியிலிருந்து எழுந்த பிறகுதான் சொன்னேன்.

"சார், அந்த நூத்திப் பன்னெண்டு. வீடு தெரியும்."

அவர் பேனாவை மூடினார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கவில்லை. "வண்டி எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மாலை ரயிலில் என்னோடு வந்தார். காலனி முனையில் நின்று நீலக் கதவைக் காட்டினேன். "நீயும் வாயேன், தெரிஞ்ச மொகம் இருந்தா பயப்பட மாட்டாங்க" என்றார். இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பு இருக்கிறது என்றேன். இருந்தது. எனக்குப் பதில் இன்னொருவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் சார் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரே டீச்சர் வீட்டுக்குப் போய் மருந்து கொடுக்க ஆரம்பித்திருந்தார். "வலது கை, கடைசி ரெண்டு வெரலு மடங்கிப்போச்சு. கிருமி அடங்கிடும். வெரலு நிமிராது." டீயை ஆற்றினார். "ஒரு மாசம் முன்னாடி போயிருந்தா நிமித்தியிருக்கலாம்." குற்றம் சாட்டும் குரல் இல்லை. மழை இந்த வருஷம் குறைவு என்பது போலச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, ஒரு மதியம், இன்ஸ்டிட்யூட் வாசலில் டீச்சர் நின்றார். முகம் தெளிய ஆரம்பித்திருந்தது. வலது கையைச் சேலைத் தலைப்பால் சுற்றியிருந்தார். இடது கையில் ஒரு காகித உறை.

"உள்ள வரலாங்களா தம்பி?"

நாற்காலியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

உறையிலிருந்து டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்து வைத்தார். நோய் குணமாகிவிட்டது, யாருக்கும் தொற்றாது, வேலை செய்யத் தகுதியானவர். அதன் கீழே மடித்து வைத்த இன்னொரு தாள் இருந்தது. விரித்தார். என் மெஷினின் எழுத்து. அதில் 'ற' எப்போதும் கொஞ்சம் மேலே ஏறி விழும். கீழே ஆறு கையெழுத்து.

"வேலைய விட்டு எடுத்தப்போ ஆபீஸ்ல ஒரு காப்பி குடுத்தாங்க" என்றார். "திருப்பி வேல கேட்டு ஒரு மனு எழுதணும். ஒங்ககிட்டயே எழுதலாம்னு வந்தேன்."

"டீச்சர், நான்..."

"இது நல்லா எழுதியிருந்தீங்க. நானே படிச்சிட்டு, அய்யய்யோ இந்தப் பொம்பளய வேலைல வைக்கக் கூடாதுன்னு நெனச்சிக்கினேன்." சிரித்தார். நிஜமாகவே கொஞ்சம் சிரிப்பு அதில் இருந்தது. "அந்த மாதிரியே எழுதுங்க. படிச்சா நம்பணும்."

எழுதினேன். இதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. அவர் இடையில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்துக் கொடுத்ததும் இரண்டு தடவை படித்தார். மடங்கிய விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகி, கட்டை விரலால் அழுத்தி, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார்.

"கீழ நீங்களும் ஒரு வரி போடுவீங்களா தம்பி? எனக்கும் இதே வியாதி இருந்துச்சு, அதே எடத்துல அதே மருந்து சாப்பிட்டேன், சரியாயிடுச்சு, நான் வாத்தியாரா வேல பாத்துக்கினுதான் இருக்கேன்னு. ஒங்க தெரு ஆளு சொன்னா ஒருவேள கேப்பாங்க."

தெருவில் மாட்டு வண்டி ஒன்று போயிற்று. உள்ளே நான்கு மெஷின்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

"நான் போட்டா நம்பமாட்டாங்க டீச்சர்" என்றேன். "ஏற்கெனவே அதுல கையெழுத்துப் போட்டவன். ரெண்டுலயும் என் பேர் இருந்தா, மனுவுக்கே பலம் போயிடும்."

நல்ல வாதம். உடனே வந்தது, தங்கு தடையில்லாமல்.

"சரிங்க" என்றார். பேனாவை மேசையில் வைத்தார். சர்டிபிகேட், பழைய மனு, புது மனு எல்லாவற்றையும் இடது கையால் ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டார். உதவப் போன என் கையைப் பார்த்தார், நான் நிறுத்திக்கொண்டேன். "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அவர் போன பிறகு மேசையில் புது மனுவின் கார்பன் நகல் கிடந்தது. அதை எடுத்து, அவர் கேட்ட வரியை, அவர் கேட்ட சொற்களிலேயே, என் கையெழுத்தில் எழுதினேன். எனக்கும் இந்த நோய் இருந்தது. கீழே பெயரைப் போட்டேன். மை காய்ந்ததும் மடித்து மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். நகலை யாரும் எங்கேயும் அனுப்புவதில்லை.